லார்டின் 'மெலோட்ராமா': 'நாங்கள்' எப்போது 'நான்' ஆனது?

#1 மழைக்குருவி | ஞாயிறு, இரவு 10:42

வேலை மெனக்கெட்டு ஒரு காரியத்தில் இறங்கினேன். பாடகி லார்டின் முதல் இரண்டு ஆல்பங்களையும் எனக்காக மட்டும் தமிழில் எழுதிப் பார்ப்பது. மெட்டுக்குள் உட்கார வைக்கும் ஆசையெல்லாம் இல்லை, பொருள் மட்டும். முதல் ஆல்பம் 'ப்யூர் ஹீரோயின்', அதன் மூன்றாவது பாட்டிலேயே மாட்டிக்கொண்டேன். 'ராயல்ஸ்'. ராஜவம்சமாக ஒருநாளும் ஆகப்போவதில்லை என்கிற பல்லவி. யார் ஆகப்போவதில்லை? ஆங்கிலத்தில் இருப்பது ஒரே ஒரு 'வீ'. நம்மிடம் இரண்டு இருக்கிறதே! நாமா, நாங்களா?

எனக்கு அது 'நாங்கள்' என்றுதான் பட்டது. வைரத்தை நேரில் பார்த்திராத, ஊர்ப்பேர் சொல்லிப் பெருமைப்பட முடியாத ஒரு கூட்டம், எதிரே நிற்கும் உலகத்தைப் பார்த்துச் சொல்கிறது. 'டீம்' பாட்டில் சந்தேகத்துக்கே இடமில்லை. நீங்கள் திரையில் பார்க்கவே போகாத ஊர்களில் நாங்கள் வாழ்கிறோம் என்று, கேட்பவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது அதன் பல்லவி.

அடுத்து இரண்டாவது ஆல்பம், 'மெலோட்ராமா'. அங்கே போனதும் என் பேனா 'நான்', 'நான்' என்றே எழுதிக்கொண்டு போகிறது. 'லயபிலிட்டி'யில் கூட்டம் மொத்தமும் கலைந்துபோய், டாக்ஸியில் அழுதுகொண்டே வீட்டுக்கு வரும் ஒருத்தி மட்டும் மிச்சம். வீட்டில் அவளுக்காகக் காத்திருப்பதும் அவளேதான்.

தெரியாதவர்களுக்கு: லார்ட் நியூசிலாந்துக்காரர், இயற்பெயர் எல்லா யெலிச்-ஓ'கானர், பிறந்தது 1996 நவம்பரில். முதல் ஆல்பம் 2013 செப்டம்பரில், 16 வயதில். இரண்டாவது 2017 ஜூன் 16 அன்று, 20 வயதில். இடையில் கிட்டத்தட்ட நாலு வருடம். இருபதாவது பிறந்தநாளை ஒட்டி ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். முதல் ஆல்பம் தங்கள் பதின்பருவத்தை அழியாமல் விளக்குப் போட்டு வைப்பதற்கு, இது அதற்கப்புறம் வருவதைப் பற்றியது என்ற அர்த்தத்தில். 

இந்த மாதிரி ஆல்பத்துக்கு ஆங்கிலத்தில் 'கமிங் ஆஃப் ஏஜ்' என்று ஒரு வகைப்பெயர் உண்டு. தமிழில் 'வயசுக்கு வந்த ஆல்பம்' என்று எழுதினால் மஞ்சள் நீராட்டு விழா ஆகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

என் கேள்வி இதுதான். ஒரு பாடகி வளர்ந்துவிட்டாள் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? குடிப்பதும் காதல் முறிவும் பாட்டில் வந்துவிட்டதாலா? எனக்கு அந்த 'நாங்கள்' உடைவதுதான் வளர்ச்சி என்று தோன்றுகிறது. சொல்லுங்கள்.

#2 டீக்கடைபெஞ்ச் | ஞாயிறு, இரவு 10:58

எனக்கு இவங்க பாட்டுல தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அந்த ராயல்ஸ். விரல் சொடுக்கிக்கிட்டே வருமே அது. அதுக்கப்புறம் ஆள் காணாமப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். இரண்டாவது ஆல்பம்னு ஒண்ணு இருக்கிறதே இப்பதான் தெரியும். துண்டு போட்டு உக்காந்துக்கறேன்.

#3 ரயில்பூச்சி | ஞாயிறு, இரவு 11:20

அருமையான கேள்வி, ஆனால் விடை உங்களுக்கே எதிராகப் போகும் என்று நினைக்கிறேன் மழைக்குருவி.

முதல் ஆல்பத்தில் அந்தப் பெண்ணுக்கு 16 வயது. ரேடியோவில் எல்லாரும் தங்கக் கைக்கடிகாரம், ஷாம்பெயின், விலையுயர்ந்த கார் என்று பாடிக்கொண்டிருந்தபோது, இதெல்லாம் எங்கள் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 9 வாரம் முதலிடத்தில் இருந்த ஒரு பாட்டு இப்படிக் கேட்டது சாதாரண விஷயமா? கண் வெளியே பார்த்தது.

இரண்டாவது ஆல்பத்தில் என்ன இருக்கிறது? பார்ட்டி. அவன் போய்விட்டான். மறுபடி பார்ட்டி. மறுநாள் காலை தலைவலி. அவனுக்குக் கடற்கரை பிடிக்கும் என்று புதுக்காதலி நம்புகிறாளாம், அது பொய்யாம். உலகத்தைப் பார்த்த கண் படுக்கையறைக்குள் திரும்பிக்கொண்டது. 'நாங்கள்' என்பது 'நான்' ஆவதை வளர்ச்சி என்கிறீர்கள். எனக்கு அது சுருங்கியதாகத் தெரிகிறது. வசதி வந்தால் எல்லாருக்கும் நடப்பதுதான்.

#4 மழைக்குருவி | ஞாயிறு, இரவு 11:41

ரயில்பூச்சி, ஒன்றை மட்டும் யோசியுங்கள். 2014 ஜனவரியில் கையில் இரண்டு கிராமி இசை விருது. அதற்குப் பிறகும் 'எங்களிடம் ஒன்றுமில்லை' என்று பாடினால் அது பொய். அந்த 'நாங்கள்' மேல் அவருக்கு இருந்த உரிமை போய்விட்டது. 'நான்' என்று பாடுவது சுருங்குவது இல்லை, பொய் சொல்லாமல் இருப்பது.

#5 ரயில்பூச்சி | ஞாயிறு, இரவு 11:47

அப்படியென்றால் அந்தப் பணத்தைப் பற்றிப் பாடியிருக்கலாமே. இழந்த காதலனைப் பற்றி ஏன்?

#6 சுருதிபேதம் | திங்கள், காலை 6:15

வார்த்தையிலேயே நிற்கிறீர்கள் இருவரும். இசைக்கு வாருங்கள்.

என் வயதுக்கு இந்தப் பாடல்கள் என் மகள் சொல்லித்தான் தெரியும். 'கிரீன் லைட்' பாடலை முதல்முறை கேட்டபோது, காரில் ரேடியோ தானாக வேறு நிலையத்துக்குத் தாவிவிட்டதோ என்று பார்த்தேன். முதலில் பியானோவும் குரலும் மட்டும், முணுமுணுப்பு, கோபம். பிறகு ஓரிடத்தில் நிறமே மாறுகிறது. அதுவரை பாட்டு நின்றிருந்த தரை நகர்ந்து, வேறொரு வெளிச்சம் வருகிறது. நம் கச்சேரியில் பாடகர் சொல்லாமல் கொள்ளாமல் ஆதார ஸ்வரத்தை நகர்த்திக் காட்டினால் சபை ஒரு கணம் மூச்சைப் பிடிக்குமே, அதுபோல. அதே இலக்கணம் என்று சொல்ல வரவில்லை, அந்த ஒரு கண அதிர்ச்சியைச் சொல்கிறேன். 

இன்னொரு விஷயம். இப்படிப்பட்ட பாட்டில் பல்லவி வந்ததுமே தாளம் இடி மாதிரி விழ வேண்டும், அதுதான் வழக்கம். இதில் பல்லவி பாதி ஓடிய பிறகுதான் டிரம் முழுசாக வருகிறது. மேக்ஸ் மார்ட்டின் என்ற ஸ்வீடன்காரர், இந்தக் காலத்துப் பாப் பாடல்களின் கணக்குவாத்தியார் என்றே சொல்லலாம், இதைக் கேட்டுவிட்டு 'தவறான பாட்டுக்கட்டு' என்று சொன்னாராம். திட்டவில்லை, உள்ளதைச் சொன்னார் என்று லார்டே பிறகு ஒரு பேட்டியில் குறிப்பிட்டார். தவறு என்று தெரிந்தும் அப்படியே வெளியிட்டார். 

என்னைக் கேட்டால் வளர்ச்சி என்பது இதுதான். 16 வயதில் விதி தெரியாமல் புதுமை செய்யலாம். 20 வயதில் வாத்தியார் சிவப்பு மையால் சுழித்த பிறகும் மாற்றாமல் இருக்க வேறு துணிச்சல் வேண்டும்.

#7 நாலாவதுட்ராக் | திங்கள், காலை 9:30

சுருதிபேதம் சார் சொன்னதுக்கு ஒரு வணக்கம். சவுண்ட் பக்கத்துலேர்ந்து நானும் கொஞ்சம் சேத்துக்கறேன்.

முதல் ஆல்பம் முழுக்க ரெண்டே பேர் எழுதினது. லார்டும் தயாரிப்பாளர் ஜோயல் லிட்டிலும். ஆக்லாந்துல ஒரு சின்ன ஸ்டுடியோ. ஒரு பேஸ் டிரம், சொடுக்கு, கொஞ்சம் சிந்த், அவ்வளவுதான். மீதி எல்லாம் அவங்க குரல். ஒரே குரலை மேல மேல அடுக்கி அடுக்கி ரெக்கார்ட் பண்ணியிருப்பாங்க. இப்ப மழைக்குருவி கேள்விக்கு வரேன். அந்த 'நாங்கள்' யாருன்னு ஹெட்போன்ல கேட்டா தெரியும். கோரஸ்ல வர்ற அந்தக் கூட்டம் மொத்தமும் ஒரே பொண்ணு! தனியா ரூம்ல நின்னு பத்துத் தடவை பாடி ஒரு கேங்கையே உருவாக்கியிருக்காங்க.

'மெலோட்ராமா'ல ஜாக் ஆன்டனாஃப்னு வேற தயாரிப்பாளர் வர்றாரு, பெரும்பகுதி நியூயார்க்ல அவர் வீட்டு ஸ்டுடியோவுல செஞ்சது. பியானோ, கிட்டார், 'சோபர்'ல பித்தளை வாத்தியம், வயலின் கூட்டம்னு ஆளுங்க உள்ள வர்றாங்க. ஆனா எங்க குரல் மட்டும் ஒத்தையா விடணுமோ அங்க தைரியமா விட்டுடறாங்க. 'லயபிலிட்டி' ஒரு பியானோ, ஒரு குரல். அவ்வளவுதான் பாட்டு. மூச்சு வாங்கறதுகூடக் கேக்கும்.

அப்புறம் 'ஹார்ட் ஃபீலிங்ஸ்'. அந்த ஆறு நிமிஷப் பாட்டு நடுவுல ஒரு சத்தம் வருமே, தகரத்தை ரோட்டுல இழுத்துட்டுப் போற மாதிரி? முதல் தடவை கேட்டப்ப என் ஸ்பீக்கர் போச்சுன்னே நெனச்சேன். பிரிவைப் பத்தி அவ்வளவு நாகரிகமா, மெதுவா பாடிட்டு வந்துட்டு, சொல்ல முடியாததை அந்தத் தகரத்துக்கிட்ட விட்டுட்டாங்க. பாப் ஆல்பத்துல இதை வைக்கறதுக்கு நாலு பேர் தடுத்திருப்பாங்க, நிச்சயமா.

#8 ஒக்லாந்துக்காரி | திங்கள், பிற்பகல் 1:05

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒக்லாந்தில பதினாலு வருசமா இருக்கிறன். எங்கட ஊர்ப் பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறியள் எண்டதால வந்தனான்.

லோட் வளந்தது டெவன்போட். நகர மத்தியில இருந்து ஃபெரி ஏறினா பன்ரண்டு நிமிசம். கடற்படைத் தளம், பழைய மர வீடுகள், ரெண்டு சின்ன எரிமலைக் குன்று, கடல். வசதியான ஆக்கள் இருக்கிற பக்கம் அது. ரயில்பூச்சி தம்பி, 'ரீம்' பாட்டில வாற ஊர் ஏழை ஊர் இல்லை, ஆரும் காணாத ஊர். ரெண்டும் வேற வேற. நியூசிலாந்தில அப்ப நாலரை மில்லியன் சனம்கூட இல்லை. சில உலகப் படங்களில எங்களைப் போட மறந்தே போயிடுவினம். அந்தக் கோபம்தான் அந்தப் பாட்டு, காசில்லாத கோபம் இல்லை. அவவின்ர அம்மா ஒரு கவிஞர், அப்பா சிவில் எஞ்சினியர். புத்தகம் நிறைஞ்ச வீடு.

இஞ்ச ஒரு பழக்கம் இருக்கு. வயலில ஒரு பொப்பிப் பூ மட்டும் மற்றதுகளை விட உயரமா வளந்தா அதின்ர தலையை வெட்டிறது எண்டு சொல்லுவினம். ஆரும் எடுப்பெடுக்கக் கூடாது. 'நாங்கள்' எண்டு பாடினா பிரச்சினை இல்லை. 'நான்' எண்டு பாடினா எல்லாரும் திரும்பிப் பாப்பினம். அதால, 'நான்' எண்டு ஒரு முழு அல்பம் பாடினது இந்த ஊர்ப் பிள்ளைக்குச் சின்ன விசயம் இல்லை. அமெரிக்காவில பிறந்த ஆக்களுக்கு அது விளங்காது.

இன்னொண்டு, மழைக்குருவி தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. உங்கட தியரி எங்கட வீட்டில வேலை செய்யாது. 'நாம்' எண்டு எங்கட பேச்சில ஆர் சொல்லுறது? 'நாங்கள் போவமா?' எண்டு அம்மா கேட்டா என்னையும் சேத்துத்தான் கேக்கிறா. எல்லாத்துக்கும் 'நாங்கள்' தான். ஆள் உள்ளயா வெளியிலயா எண்டதை முகத்தைப் பாத்துத்தான் விளங்க வேணும். இங்கிலீசுக்காரர் மாதிரித்தான் நாங்களும்.

(கடற்கரை பிடிக்காத ஆளை ஒக்லாந்தில காதலிச்சதே பிழை. அதுக்கு அவவைத்தான் ஏச வேணும்.)

#9 மழைக்குருவி | திங்கள், பிற்பகல் 1:32

அக்கா! இது எனக்குத் தோன்றவே இல்லை. என் இலக்கணப் புத்தகத்தையே கவிழ்த்துவிட்டீர்கள். முகத்தைப் பார்த்துத்தான் விளங்க வேண்டும் என்றால், 'ராயல்ஸ்' கேட்கும்போது நான் உள்ளே இருப்பதாக உணர்ந்தேனா, வெளியேயா? பள்ளிக்கூட நாளில் கேட்டபோது உள்ளேதான் இருந்தேன். இப்போது தமிழில் எழுத உட்கார்ந்ததும் என்னை நானே வெளியே தள்ளியிருக்கிறேன்.

#10 பேரேடு | திங்கள், மாலை 7:50

'லயபிலிட்டி'ன்னு பேர் பார்த்து ஓடி வந்தேன். தொழில் அப்படி.

மழைக்குருவி, அதைத் தமிழில் என்னவென்று எழுதினீர்கள்? +2 கணக்குப்பதிவியல் புத்தகப்படி 'பொறுப்பு'. இருப்புநிலைக் குறிப்பில் இடதுபக்கம் பொறுப்புகள், வலதுபக்கம் சொத்துகள். 'நான் உனக்கு ஒரு பொறுப்பு' என்று எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். 'பாரம்' என்றால் அழுகைப் படம். 'தொல்லை' என்றால் பக்கத்து வீட்டு நாய்.

பாட்டை இன்றுதான் கேட்டேன். அந்தச் சொல்லின் குளிர்ச்சிதான் பாட்டே. காதலி தன்னைப் பற்றிச் சொல்லும் சொல் இல்லை அது. எவனோ சூட் போட்டவன் ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டே சொல்வது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெரிய ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட பெண் என்று படித்தேன். அந்த வயதிலிருந்து அவளைச் சுற்றி இந்தச் சொல் புழங்கியிருக்கும் இல்லையா? வித்தை தீர்ந்ததும் மக்கள் கீழே போட்டுவிடும் பொம்மை என்று தன்னைச் சொல்கிறாளே, அது காதலனைப் பற்றி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 

ரயில்பூச்சி, பணத்தைப் பற்றிப் பாடவில்லை என்றீர்கள். தலைப்பே வரவு செலவுதானே ஐயா.

#11 ரயில்பூச்சி | திங்கள், இரவு 8:14

சரி, இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. அந்தப் பாட்டை ஒரு பிரிவுப் பாட்டாக மட்டும் கேட்டுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மழைக்குருவியின் 'நாங்கள், நான்' கோடு நேராக இல்லை. இரண்டு ஆல்பத்தையும் இன்று மறுபடி கேட்டேன். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'டென்னிஸ் கோர்ட்'. அதில் யாரையோ கூப்பிடுகிறாள், வா, போய்ப் பேசிக்கொண்டிருப்போம் என்று. அது 'நாம்'. 'ரிப்ஸ்': அப்பா அம்மா ஊரில் இல்லாத நேரம் வீட்டில் வைத்த பார்ட்டி, வயசாகிறதே என்ற பயம், தோழியிடம் சொல்வது. அதுவும் 'நாம்'. ஒன்பதாவது பாட்டு 'ஒயிட் டீத் டீன்ஸ்' கேளுங்கள். பளபளப்பான பல் வைத்த பிரபலப் பிள்ளைகளைப் பற்றி உள்ளேயிருந்து பேசுவதுபோலவே பேசிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு ரகசியம் சொல்கிறேன், நான் அவர்களில் ஒருத்தி இல்லை, சேர முயன்றேன், முடியவில்லை என்கிறாள். அப்போதே உடைந்துவிட்டது உங்கள் 'நாங்கள்'! 2017 வரை காத்திருக்கவில்லை.

#12 மழைக்குருவி | திங்கள், இரவு 8:40

நீங்கள் சண்டை போடுவதற்காகவே இவ்வளவு கவனமாகக் கேட்கிறீர்கள் என்றால் தினமும் சண்டை போடலாம்.

உண்மைதான். 'ஒயிட் டீத் டீன்ஸ்' என் கணக்கில் வரவே இல்லை. 'ரிப்ஸ்' மட்டும் தெரிந்தே தள்ளி வைத்தேன், அந்தப் பாட்டைப் பற்றிப் பேசினால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

#13 டீக்கடைபெஞ்ச் | திங்கள், இரவு 9:02

குறுக்க ஒரு கேள்வி. இவ்ளோ நல்ல ஆல்பம்னா ஏன் ராயல்ஸ் மாதிரி ஊர் முழுக்க ஓடல? அந்த ரெண்டாவது ஆல்பத்துல வர்ற பையன் என்னாச்சு, யாரு? இன்ஸ்டால ஏதோ படிச்சேன், அவரு போட்டோகிராபர்னு...

#14 மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 9:10

முன்னாள் காதலர் யார், எங்கே இருக்கிறார், இப்போது யாருடன் என்ற ஆராய்ச்சிக்கு இந்த இழை இடமில்லை. அவர் பாடகர் அல்ல, தனிமனிதர். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பாட்டில் இருப்பதைப் பேசுங்கள்.

#15 நாலாவதுட்ராக் | திங்கள், இரவு 9:35

பெஞ்ச் அண்ணா, ஓடலைன்னு சொல்ல முடியாது. அமெரிக்காவுல ஆல்பம் பட்டியல்ல முதல் வாரமே முதலிடம், சுமார் 1,09,000 பிரதிக்குச் சமமான விற்பனை. முதல் ஆல்பத்துக்கே அந்த முதலிடம் கெடைக்கல, மூணாவது இடம் வரைக்கும்தான் போச்சு. ஆனா தனிப்பாட்டா ஹிட் இல்ல. 'கிரீன் லைட்' அங்க 19வது இடத்துக்கு மேல ஏறல. இது ஆல்பமா கேக்கறதுக்குச் செஞ்சது. 11 பாட்டு, 41 நிமிஷம். ஒரு வீட்டு பார்ட்டி ராத்திரி மாதிரி அமைச்சதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

2018 கிராமில 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' பிரிவுல அஞ்சு பேர். கென்ட்ரிக் லாமர், ஜே-ஸீ, சைல்டிஷ் கேம்பினோ, ப்ரூனோ மார்ஸ், லார்ட். ஒரே பொண்ணு இவங்கதான். மேடைல தனியா பாட வாய்ப்பு தரலன்னு பெரிய சர்ச்சை ஆச்சு. விருது ப்ரூனோ மார்ஸுக்குப் போச்சு. எனக்கு அன்னிக்கு வந்த கோவம் இன்னும் ஆறல, அதனால அந்த விஷயத்தை இத்தோட விடறேன்.

#16 சுருதிபேதம் | செவ்வாய், காலை 6:05

இரண்டாவது ஆல்பம் ஏன் எல்லாருக்கும் கண்டம் என்று என் மகள் ஒரு விளக்கம் சொன்னாள். முதல் ஆல்பத்துக்குப் பிறந்ததிலிருந்து சேர்த்த அனுபவம் இருக்கிறது. இரண்டாவதுக்கு இரண்டு வருட ஓட்டல் அறைதான் இருக்கிறது. இந்தப் பெண் என்ன செய்தாள்? அவசரப்படாமல் ஊர் திரும்பி, நாலு வருடம் எடுத்துக்கொண்டாள். பாப் உலகத்தில் நாலு வருடம் என்பது ஆளை மறக்கப் போதுமான காலம். பெஞ்ச் தம்பி மறந்தே போனாரே!

#17 ரயில்பூச்சி | செவ்வாய், காலை 10:20

மற்ற இரண்டாம் ஆல்பங்களோடு வைத்துப் பார்க்கலாமா? அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் 'ஹாப்பியர் தன் எவர்' 2021 ஜூலையில் வந்தது, அவருக்கு 19 வயது. முதல் பாட்டே வயசாவதைப் பற்றி. எவ்வளவு சின்னப் பெண் சொல்கிறாள் பார் என்று சிரித்தேன், பாதிப் பாட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. தலைப்புப் பாட்டு தாலாட்டு மாதிரி தொடங்கி, கடைசியில் கிட்டார் கிழியக் கத்தலில் முடியும். இன்னொரு அமெரிக்கப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோவின் 'கட்ஸ்' 2023 செப்டம்பர். அவர் கடைசிப் பாட்டை இருபது வயதாவதன் பயத்துக்கென்றே வைத்திருக்கிறார். உன் வயதுக்கு இது பெரிய விஷயம் என்று பாராட்டுகிறார்களே, அந்தப் பாராட்டு எப்போது தீரும் என்ற பயம்.

என் பார்வையில் பில்லிதான் நேர்மை. கோபத்தைக் கோபமாகவே காட்டினார். லார்டுக்கு எல்லாவற்றையும் அழகாக்கும் வியாதி இருக்கிறது. 'த லூவ்' பாட்டில் பாருங்கள், எங்கள் காதலை லூவ் அருங்காட்சியகத்தில் மாட்டுவார்கள் என்கிறாள்.

#18 பேரேடு | செவ்வாய், காலை 10:44

அடுத்த வரியை விட்டுவிட்டீர்களே. பின்பக்கமாக எங்கேயோ மூலையில் மாட்டுவார்கள், ஆனாலும் லூவ் லூவ்தானே என்கிறாள். பெருமையும் கிண்டலும் ஒரே மூச்சில். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மாமா ஒருவர் பெரிய இடத்துக் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

#19 ஒக்லாந்துக்காரி | செவ்வாய், பிற்பகல் 12:30

பேரேடு சொல்லுறது சரி. அல்பத்தின்ர பேரே 'மெலோட்ராமா'. தான் மிகைப்படுத்துறன் எண்டு தெரிஞ்சே மிகைப்படுத்துறா. 'சோபர் ரூ' (ரெண்டாவது 'சோபர்') எண்ட பாட்டில விருந்து முடிஞ்சு வெளிச்சம் போட்டாச்சு, கிளாசுகளைக் கூட்டி அள்ளுற நேரம். அந்த நேரத்தில வைச்சுத்தான் பேரைச் சொல்லுறா, இது மெலோட்ராமா எண்டு முதலே சொன்னமே எண்டு. கூட்டிக் கழுவுற ஆளுக்குத்தான் நாடகம் முடிஞ்சது தெரியும்.

'ரைட்டர் இன் த டார்க்' பற்றி இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. இருட்டில ஒரு எழுத்தாளரை முத்தமிட்டுப்போட்டு இப்ப கவலைப்படுறாய் என்ன, எண்டு அவனைக் கேக்கிறா. குரல் ஒரு கட்டத்தில மேல போய்ப் பேய் பிடிச்ச மாதிரி ஆகும். விட்டுட்டுப் போனவன்தான் பலசாலி எண்டு நினைச்சிருந்தம், இல்லை, எழுதுற ஆளிட்டத்தான் பலம் இருக்கு. ரயில்பூச்சி தம்பி தேடின அதிகாரம், பணம் எல்லாம் இந்தப் பாட்டிலதான் ஒளிஞ்சிருக்கு. அவ வளந்தது கவிஞரின்ர வீட்டில, அதை மறக்கக் கூடாது.

#20 மழைக்குருவி | செவ்வாய், இரவு 9:15

நேற்று ரயில்பூச்சி திட்டிய பிறகு முழு ஆல்பத்தையும் மறுபடி, இந்த முறை யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டே கேட்டேன். என் கோடு நேராக இல்லை என்பது நிஜம்.

'கிரீன் லைட்': நான், உன்னிடம். 'சோபர்': போதை தெளிந்ததும் நாம் என்ன செய்வோம் என்ற கேள்வி, சந்தேகமில்லாமல் 'நாம்'. 'லயபிலிட்டி': நான், என்னிடமே. 'சூப்பர்கட்': நம் கதையின் நல்ல காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டித் தலைக்குள் ஓடவிட்டு, அதுதான் நடந்தது என்று நம்பிக்கொள்ளும் 'நாம்'. அந்த 'நாம்'இல் இன்னொருவர் இல்லவே இல்லை, எடிட் செய்பவள் ஒருத்திதான். நாலாவதுட்ராக் சொன்ன பத்துக் குரல் கேங் மாதிரியேதான் இதுவும்!

பத்தாவது பாட்டு 'லயபிலிட்டி'யின் மறுபிரதி. ஒருவேளை இதுதான் பார்ட்டியோ என்று தொடங்கி, கடைசியில் 'நீ' என்று பேசுகிறாள். நீ நினைத்த ஆள் நீ இல்லை என்று. அந்த 'நீ' யார்? அவன் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு அது அவளேதான் என்று கேட்டது. 

பிறகு 'பெர்ஃபெக்ட் பிளேசஸ்'. மறுபடி பல குரல், மறுபடி 'வீ'. பத்தொன்பது வயது, தனியாக இருக்க முடியவில்லை, ஆதர்சங்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். 2016இல் பாடகர் டேவிட் போவியும் போனார், பாடகர் பிரின்ஸும் போனார். போவிக்காக அந்த வருடம் பிரிட்டனின் பிரிட் இசை விருது மேடையில் பாடியவர் இவர்தான். ராத்திரி ராத்திரியாகக் குறையில்லாத இடம் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். கடைசி வரியில், அப்படி ஓர் இடம் எங்கேதான் இருக்கிறது என்று கெட்ட வார்த்தையோடு கேட்டுவிட்டு ஆல்பமே நின்றுவிடுகிறது.

அந்த 'வீ'யை 'நாங்கள்' என்று எழுதினேன், அடித்தேன். 'நாம்' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். இப்போதைக்கு எழுவாயே இல்லாமல் 'தேடிப் போகிறோம்' என்று விட்டு வைத்திருக்கிறேன். தமிழ் அந்த அளவுக்காவது தப்பிக்க விடுகிறது.

#21 ஒக்லாந்துக்காரி | செவ்வாய், இரவு 9:28

பாத்தீங்களே, எங்கட வழிக்கு வந்திட்டீங்கள்.

#22 ரயில்பூச்சி | செவ்வாய், இரவு 9:50

எனக்கு இன்னும் 'ப்யூர் ஹீரோயின்' தான் பெரிது. பில்லி விஷயத்திலும் மாற்றமில்லை. ஆனால் 'ரைட்டர் இன் த டார்க்' இன்று மூன்று முறை கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். இதை வைத்து யாரும் என்னைக் கிண்டல் செய்யக் கூடாது.

#23 டீக்கடைபெஞ்ச் | புதன், காலை 9:40

பஸ்ஸுல வரும்போது கேட்டேன். அஞ்சாவது பாட்டோட நின்னுட்டேன், அந்த டாக்ஸி பாட்டு. திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டதுல ஸ்டாப்பிங் தாண்டி ரெண்டு ஸ்டாப் போயிட்டேன். ஆறாவது பாட்டுல அந்தத் தகர சத்தம் இன்னும் வரல. சாயங்காலம் மீதியக் கேக்கறேன். வரிசையாத்தான் கேக்கணுமா, மாத்திக் கேக்கலாமா?

#24 நாலாவதுட்ராக் | புதன், காலை 9:44

வரிசையா அண்ணா. ஷஃபிளை அணைச்சுடுங்க. ஸ்பீக்கர் போச்சுன்னு பயந்துடாதீங்க.